கரகோஷம் இல்லாத அரங்கம்

விடுமுறை நாளின் மாலை வேளையில், வீட்டின் ஓர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று மடிக்கணினியின் முன் அமர்ந்து, எதிரில் ஆள் ஒருவரும் இல்லாதிருக்க, எட்டு நிமிஷம் ஓயாமல் பிரசங்கம் செய்வதையும், பிறகு சட்டென்று மௌனமாகிக் கையிலிருக்கும் காகிதத்தில் விரைந்து விரைந்து குறிப்பெழுதுவதையும் இன்று பல தேசங்களிலும் பெற்றோர்கள் கண்டு வருகிறார்கள். இது நாடக ஒத்திகையும் அன்று, பரீட்சைக்குப் பாடம் ஒப்பிப்பதும் அன்று. பள்ளிகளுக்கிடையே இணையத்தின் வழியாக நடக்கும் விவாத லீக் ஒன்றில் அந்தப் பிள்ளை தன் பள்ளியின் பிரதிநிதியாக வாதாடிக்கொண்டிருக்கிறது. அதே நேரத்தில் மூன்று மாணவர்கள் கொண்ட எதிரணி மற்றோர் ஊரிலோ மற்றொரு நாட்டிலோ இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நடுவர்களும் தத்தம் வீட்டில் இருந்தபடியே செவிசாய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

விவாதம் என்றதும் மேடையும், ஒலிபெருக்கியும், நகைச்சுவைக்கு ஒரு கைத்தட்டலும் நயமான உவமைக்கு மற்றொரு கைத்தட்டலுமாகப் பொங்கும் சபையும் நம் மனக்கண்முன் தோன்றுவது இயல்பு. சபையே இல்லாத இடத்தில் வாக்குவன்மைக்கு என்ன வேலை என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால், இந்த லீக்குகளின் அமைப்பையும் நடைமுறையையும் சற்று ஆழ்ந்து நோக்கினால், சபையின் ஆரவாரம் இல்லாமற்போனதே இளம் வாதிகளுக்குப் பேரனுகூலமாக முடிந்திருக்கிறது என்றும், பேசக் கற்பதைக் காட்டிலும் அரிதாகிய பிறர் பேச்சைக் கேட்கக் கற்பது என்னும் வித்தையை அது அவர்களுக்கு வலியப் புகட்டுகிறது என்றும் விளங்கும்.

முதலில் லீக் என்பதன் தன்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்டு விழாவை ஒட்டி ஒரே நாளில் நடந்து, பரிசுக் கோப்பையுடன் முடிந்துவிடும் பேச்சுப் போட்டியில் ஒரு முறை தவறினால் மீளும் வழி கிடையாது. லீக்கிலோ பல வாரங்களுக்குச் சுற்றுகள் தொடர்கின்றன. முதற்சுற்றில் தோற்ற அணியும் இரண்டாம் சுற்றில் விவாதிக்கிறது. இன்று ஒரு தரப்பை ஆதரித்தவர்கள் அடுத்த சுற்றில் வேறொரு விஷயத்தில் எதிர்த்தரப்பில் நிற்கிறார்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நடுவர் தம் தீர்ப்புக்கான காரணங்களை எடுத்துச் சொல்ல, அவற்றைக் கேட்டுத் திருத்திக்கொண்டு அடுத்த சுற்றுக்கு வர அவகாசம் இருக்கிறது. தோல்வியைப் பாடமாக மாற்றுவதற்கு வேண்டிய காலம் அமைப்பிலேயே வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் இம்முறையின் தலையாய சிறப்பு.

இன்று இவ்வகை லீக்குகள் பலவற்றுக்கும் முன்மாதிரியாக இருப்பது பள்ளி மாணவர்களுக்கான உலக விவாதச் சாம்பியன்ஷிப் ஆகும். 1988-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஆறு நாடுகளின் அணிகளோடு தொடங்கிய அந்தப் போட்டி, நாளடைவில் எல்லாக் கண்டங்களிலிருந்தும் தேசிய அணிகளை ஈர்க்கும் பெருவிழாவாக வளர்ந்தது. 2019-இல் பாங்காக் நகரில் நடந்தபோது இந்திய அணி அதன் பட்டத்தை வென்றது. அடுத்த ஆண்டே கொள்ளைநோய் உலகத்தின் பள்ளிக் கதவுகளையெல்லாம் அடைத்துவிட, 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளும் அந்தச் சாம்பியன்ஷிப் இணையத்தின் வழியாகவே நடந்தது. 2023-இல்தான் வியட்நாம் தேசத்து ஹனோய் நகரில் மாணவர்கள் மீண்டும் நேருக்கு நேர் சந்தித்தார்கள். நிர்ப்பந்தத்தால் மேற்கொண்ட அந்த ஏற்பாடு நிர்ப்பந்தம் நீங்கிய பின்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. விமானக் கட்டணமும் விசாவும் விடுதிச் செலவும் இன்றி அயல்நாட்டு அணியோடு வாதாடலாம் என்பதைக் கண்டுகொண்ட பள்ளிகளும் பயிற்சியாளர்களும், பெரிய போட்டிகள் நேரில் கூடும் வழக்கத்துக்குத் திரும்பிய பிறகும், வாராந்தர லீக்குகளையும் பயிற்சி விவாதங்களையும் இணையத்திலேயே நடத்தி வருகிறார்கள்.

இனி, ஒரு விவாதம் எவ்வாறு நடக்கிறது என்பதைப் பார்ப்போம். அந்தச் சாம்பியன்ஷிப்பின் பெயரால் வேர்ல்ட் ஸ்கூல்ஸ் என்று வழங்கும் முறையில் இரண்டு அணிகள் மோதுகின்றன. ஓர் அணியில் ஐவர் வரை இருக்கலாமாயினும் ஒரு விவாதத்தில் பேசுகிறவர்கள் மூவரே. தீர்மானத்தை முன்மொழியும் அணியின் முதற்பேச்சாளர் தொடங்க, எதிரணியின் முதற்பேச்சாளர் மறுக்க, இவ்வாறு மாறி மாறி அறுவரும் எட்டெட்டு நிமிஷம் பேசுகிறார்கள். அதன்பின் அணிக்கு ஒருவராக, முதலாம் அல்லது இரண்டாம் பேச்சாளர், நான்கு நிமிஷ முடிவுரை நிகழ்த்துகிறார். இந்த முடிவுரையில் மட்டும் வரிசை தலைகீழாகி எதிரணி முந்திக்கொள்ளும். ஆகவே, தொடக்க வார்த்தையைப் போலவே கடைசி வார்த்தையும் முன்மொழிந்தவர்களுக்கே கிடைக்கிறது. மொத்தம் 56 நிமிஷத்தில் வாதப் பிரதிவாதம் முடிந்துவிடும்.

மூன்று பேச்சாளர்களுக்கும் மூன்று வேறு கடமைகள். முதலாமவர் தீர்மானத்தின் பொருளை வரையறுத்து, தம் அணி எதை ஸ்தாபிக்கப் போகிறது என்பதைக் கூறி, பிரதான நியாயங்களை வைக்கிறார். இரண்டாமவர் எதிரணியின் வாதத்தைத் தாக்கிவிட்டுத் தம் அணியின் புதிய நியாயம் ஒன்றைச் சேர்க்கிறார். மூன்றாமவரோ பெரும்பாலும் புதிதாக எதையும் கொண்டுவருவதில்லை. அதுவரை நிகழ்ந்த மோதல்களை இரண்டு மூன்று தலைப்புகளாகத் திரட்டி, ஒவ்வொன்றிலும் தம் பக்கமே மேலோங்கியது ஏன் என்று காட்டுவது அவர் பொறுப்பு. அவருடைய பேச்சை முன்கூட்டி எழுதி வைக்க எவராலும் இயலாது; மற்றவர் பேசியதைக் கவனமாகக் கேட்காத ஒருவர் மூன்றாம் பேச்சாளராக எழுந்தால் இரண்டு நிமிஷத்திலேயே அவர் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இடையீட்டு வினா என்னும் மற்றொரு சுவையான அம்சமும் உண்டு. ஆங்கிலத்தில் பாயிண்ட் ஆஃப் இன்ஃபர்மேஷன் எனப்படும் இதை மாணவர்கள் பி.ஓ.ஐ. என்று சுருக்கி வழங்குவார்கள். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது, முதல் நிமிஷமும் இறுதி நிமிஷமும் நீங்கலாக இடைப்பட்ட ஆறு நிமிஷங்களில், எதிரணியினர் வினா எழுப்ப அனுமதி கேட்கலாம். ஏற்பதும் மறுப்பதும் பேசுகிறவர் இஷ்டம். ஏற்றுக்கொண்டால் பதினைந்து விநாடிக்குள் வினா முடிய வேண்டும். வருகிற வினாவையெல்லாம் மறுத்துக்கொண்டே போகிறவர் அஞ்சுகிறார் என்று நடுவர் கருதுவார். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டிருப்பவரோ தம் பேச்சைப் பறிகொடுத்துவிடுவார். இரண்டு வினாக்களை ஏற்று, சுருக்கமாக விடையளித்து, விட்ட இடத்திலிருந்து நூல் அறுபடாமல் தொடர்வதே சாமர்த்தியம் என்பது வழக்கு.

தீர்மானங்கள் இரண்டு வகைப்படும். சில, வாரக்கணக்கில் முன்னரே அறிவிக்கப்படுபவை. அவற்றுக்கு நூலகமும் செய்தித்தாளும் ஆசிரியரின் துணையும் உண்டு. மற்றவை, விவாதத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னரே வெளியிடப்படுபவை. அந்த ஒரு மணி நேரத்தில் பயிற்சியாளரையோ இணையத்தையோ நாடலாகாது. அணியினர் தங்களுக்குள் கலந்து பேசி, அதுவரை படித்ததையும் சிந்தித்ததையுமே கொண்டு வாதத்தை அமைக்க வேண்டும். எந்தத் தரப்பில் நிற்பது என்பதை நிர்ணயிப்பதும் பேச்சாளரின் விருப்பம் அன்று. அதைச் சீட்டோ நாணயமோ அட்டவணையோ தீர்மானிக்கிறது.

வாதத்தை அமைப்பது என்றால் என்ன என்பதற்கு ஓர் உதாரணம் காண்போம். பதினாறு வயது நிரம்பாதவர்கள் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதை இம்மன்றம் தடை செய்யும் என்பது தீர்மானம் என்று வைத்துக்கொள்வோம். இது வெறும் கற்பனை விஷயம் அன்று. ஆஸ்திரேலியப் பாராளுமன்றம் 2024 நவம்பரில் இத்தகைய சட்டத்தை இயற்றி, 2025 டிசம்பர் 10 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தில் பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ தண்டனை கிடையாது. கணக்குகளைத் தடுக்கத் தக்க முயற்சி செய்யாத நிறுவனங்களுக்கே 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம்.

புதிதாக வாதம் பழகும் மாணவர், சமூக ஊடகத்தால் பிள்ளைகளுக்குத் தீங்கு விளைகிறது, ஆகவே தடை வேண்டும் என்று சொல்லிவிட்டு, தீங்குகளை அடுக்குவதிலேயே எட்டு நிமிஷத்தையும் கழித்துவிடுவார். தச்சன் இரு பலகைகளை அருகருகே வைத்த மாத்திரத்தில் மேசை நின்றுவிடாது, இடையே பொருத்து வேண்டும் அல்லவா? அதுபோலத் தீங்கு இருக்கிறது என்பதற்கும் தடை அதைக் குறைக்கும் என்பதற்கும் இடையில் ஒரு பொருத்து வேண்டும். நடுவர் முதலில் தட்டிப் பார்ப்பது அந்த இடத்தைத்தான். தேர்ந்த பேச்சாளர் இவ்வாறு வாதிப்பார்: தோழர்கள் யாவரும் ஊடகத்தில் இருக்கும்போது ஒரு பிள்ளை மட்டும் விலகினால் அது தனித்து நிற்க நேரும்; ஆகையால் தனித்தனி வீட்டின் கண்டிப்பு பயன்படாது; சட்டம் எல்லோரையும் ஒரே சமயத்தில் விலக்குவதால் விலகுவதன் விலை குறைகிறது; வேண்டாம் என்று சொல்லும் பெற்றோருக்கும் பக்கபலம் கிடைக்கிறது; பொறுப்போ பிள்ளையின் தலையிலிருந்து நிறுவனத்தின் தலைக்கு மாறுகிறது. இங்கே ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குக் காரணமாக நிற்கிறது.

எதிரணியும் சும்மா இராது. வயதைச் சரிபார்க்க வேண்டுமானால் சிறுவர்கள் மட்டுமின்றிப் பெரியவர்களும் தங்கள் அடையாளத்தையோ முகத்தையோ நிறுவனங்களுக்குக் காட்ட வேண்டிவரும். கணக்கு இல்லாமலே காணொளிகளைப் பார்க்கும் பிள்ளைக்கு, கணக்கோடு இணைந்த பாதுகாப்பு ஏற்பாடுகள் கிடைக்காமற்போகும். தன்னைப் போன்றவர் ஒருவரும் தன் ஊரில் இல்லாத பிள்ளைக்கு இருந்த ஒரே ஆதரவும் அற்றுப்போகும் என்று அது ஆட்சேபிக்கும். இரு பக்கத்திலும் நியாயம் இருப்பது தெரிந்த பின்னரே விவாதத்தின் கடினமான பகுதி தொடங்குகிறது. எந்தத் தீங்கு அதிகம் பேரைத் தொடுகிறது, எது நிச்சயமாக நிகழும், எது நேர்ந்தபின் திருத்த முடியாதது என்று தராதரம் பார்த்து நிறுத்திக் காட்டுகிற அணியே வெல்கிறது. ஏராளமான உண்மைகளை அறிந்தவர்கள் தோற்பதும், குறைவாக அறிந்தும் அறிந்ததைச் சீர்தூக்கத் தெரிந்தவர்கள் வெல்வதும் இங்கே அடிக்கடி நிகழும்.

தீர்ப்பளிக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. பேச்சுக்கு நூறு மதிப்பெண். அதில் பொருளுக்கு 40, பேசும் பாணிக்கு 40, வாதத்தை வகுத்த உபாயத்துக்கு 20. ஆயினும் நடைமுறையில் மதிப்பெண் 60-க்கும் 80-க்கும் இடையிலேயே வழங்கப்படும். 70 என்பது சராசரிப் பேச்சு. முடிவுரைக்கு இதில் பாதி. பாணிக்குப் பொருளுக்குச் சமமான இடம் இருப்பதைக் கண்டு இது குரல் வளத்துக்குப் பரிசளிக்கும் போட்டி என்று எண்ணிவிடலாகாது. தெளிவும், வேகத்தின் அளவும், கேட்போரை மதித்துப் பேசும் தோரணையுமே பாணி என்பதில் அடங்குகின்றன. உச்சரிப்பு எந்த ஊரைச் சேர்ந்தது என்பது அதில் அடங்காது. நடுவர் அந்த விஷயத்தில் தமக்குள்ள விசேஷ ஞானத்தையும் சொந்த அபிப்பிராயத்தையும் ஒதுக்கிவைத்து, நியாயமாகச் சிந்திக்கும் சாதாரண மனிதராக அமர்ந்து, அணிகள் சொன்னதை மட்டுமே நிறுக்க வேண்டும் என்பது விதி.

பட்டிமன்றத்தில் ஊறிய நமக்கு இந்த நடுவர் சற்று அந்நியராகவே தோன்றுவார். நம் பட்டிமன்றத் தலைவர் இடையிடையே சுவைபடப் பேசிச் சபையைக் கட்டிப்போட்டு, இறுதியில் இரு தரப்பும் மனம் கோணாத ஒரு சமரசத்தைத் தம் சொந்தப் புலமையால் வழங்குகிறவர்; அங்கே தீர்ப்பும் ஒரு கலை நிகழ்ச்சி. லீக்கின் நடுவரோ விவாதம் முடியும்வரை வாய் திறவாமல் இருந்து, வென்றது இந்த அணி என்று ஐயத்துக்கு இடமின்றி அறிவித்து, எந்த வாதம் எங்கே மறுக்கப்பட்டது, எது மறுக்கப்படாமல் நின்றது, அந்த நிலைமையில் தராசு ஏன் இந்தப் பக்கம் சாய்ந்தது என்று படிப்படியாக விளக்கக் கடமைப்பட்டவர். பிறகு, எப்படிப் பேசியிருந்தால் தோற்ற அணி வென்றிருக்கும் என்பதையும் அவர் சொல்வார். கோப்பையை நாடி லீக்கில் சேருகிறவர்கள் பலர். ஆனால் நிலைத்துத் தொடருகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பத்து நிமிஷ விளக்கத்துக்காகவே தொடருகிறார்கள்.

யார் யாரோடு மோதுவது என்பதற்கும் ஒரு கிரமம் உண்டு. முதற்சுற்றில் குலுக்கல் முறையில் இணை சேர்ந்த அணிகள், அடுத்த சுற்றுகளில் தமக்குச் சமமான வெற்றிகளைப் பெற்ற அணிகளையே எதிர்கொள்ளுமாறு அட்டவணை அமைக்கப்படுகிறது. இதனால் பலசாலிகள் பலசாலிகளோடும், தட்டுத்தடுமாறுகிறவர்கள் தட்டுத்தடுமாறுகிறவர்களோடும் வாதாட நேர்ந்து, இரண்டு மூன்று சுற்றுகளுக்குள் ஒவ்வோர் அணிக்கும் தகுந்த எதிரி கிடைத்துவிடுகிறான். டேபிகேட் போன்ற மென்பொருள்கள் இக்கணக்கைப் பார்த்துக்கொள்கின்றன. சொந்தப் பள்ளி அணிக்கோ உறவினருக்கோ ஒருவர் நடுவராக அமையாதபடி விலக்கி வைப்பதும் அவற்றின் வேலை.

இவ்வளவையும் கேட்ட பின்னும், பெற்றோர் மனத்தில் ஓர் ஆட்சேபம் எஞ்சி நிற்கக் கூடும். தான் நம்பாத ஒன்றை நம்புவதுபோல் வாதிக்கப் பிள்ளைகளைப் பழக்குவது அறமாகுமா? இன்று ஒரு பக்கமும் நாளை மறுபக்கமும் பேசுகிறவனுக்கு உறுதியான கொள்கை எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வி இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1954-இல் அமெரிக்கக் கல்லூரி விவாதங்களுக்கு, கம்யூனிஸ்ட் சீனாவின் அரசாங்கத்தை அமெரிக்கா அங்கீகரிக்க வேண்டும் என்னும் தீர்மானம் அறிவிக்கப்பட்டபோது, அங்கீகாரத்தை ஆதரித்து மாணவர்கள் பேசுவது தேசத்துக்கு விரோதம் என்று சிலர் கூக்குரலிட்டார்கள்; வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கழகமும் அன்னபோலிஸ் கடற்படைக் கழகமும் தங்கள் மாணவர்கள் அந்தத் தீர்மானத்தின்மேல் வாதாடலாகாது என்று தடுத்துவிட்டன. நம்பாத பக்கத்தைப் பேசுவது நேர்மைக் குறைவா என்ற சர்ச்சை அதன்பின் அந்நாட்டு ஆசிரியர்களிடையே பல ஆண்டுகள் தொடர்ந்தது.

பாரத தேசத்துத் தர்க்க மரபு இதற்கு விடையளிக்கத் துணைபுரிகிறது. கௌதமரின் நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது: உண்மையை நாடி இருவர் செய்வது வாதம்; வெற்றியை நாடி எந்த உபாயத்தையும் கையாள்வது ஜல்பம்; தனக்கென்று ஒரு கொள்கையும் இல்லாமல் பிறர் கொள்கையைத் தகர்ப்பதே தொழிலாகக் கொண்டது விதண்டை. வாதி தோற்றுப்போகும் நிலைகள் 22 என்றும் அந்நூல் எண்ணிச் சொல்கிறது. எடுத்த கொள்கையைக் கைவிடுவது, சொன்னதையே திரும்பச் சொல்வது, விஷயத்தை விட்டு வேறெங்கோ போவது, விடை தோன்றாமல் விழிப்பது ஆகியவை அவற்றுட் சில. லீக் நடுவர் ஒருவரின் குறிப்பேட்டைப் பார்த்தால் இதே குற்றங்களை இக்காலத்துச் சொற்களில் காணலாம். தமிழிலும் அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரை இயற்றும்போது, சுபக்கம் என்று தம் கொள்கையைக் கூறுவதற்கு முன்பாகப் பரபக்கம் என்று தனியொரு பகுதியை வகுத்து, பிற சமயங்களின் கூற்றுகளை வரிசையாக எடுத்துக்கூறிய பின்னரே மறுத்தார். பிறர் பட்சத்தை அதன் முழு பலத்தோடு எடுத்துரைக்க இயலாதவனுக்கு அதை மறுக்கும் தகுதி வந்துவிடவில்லை என்பதே இம்மரபின் கருத்து. மாணவன் தான் நம்பாத பக்கத்தில் நின்று பேசுவது இந்தப் பரபக்கத்தை உள்ளிருந்து பயிலுவதாகும். அப்படிப் பயின்ற பிறகும் தன் பழைய கொள்கையே சரி என்று கண்டால், அந்தக் கொள்கை முன்னிலும் உறுதியாக நிற்கும். கோப்பையை எண்ணி ஜல்பத்துக்கு இறங்கிவிடும் அபாயம் இருக்கத்தான் இருக்கிறது. காரணம் கேட்கும் நடுவர்களும், மாறி மாறி வரும் தரப்புகளுமே அதற்குக் கட்டுப்பாடு.

கரகோஷம் இல்லாத அரங்கத்தின் பிரயோஜனம் இங்கேதான் வெளிப்படுகிறது. நிறைந்த சபையில் ஒரு சிலேடை பத்து நியாயங்களை வென்றுவிடும். பேசுகிறவனும் அடுத்த கைத்தட்டலை எதிர்நோக்கியே வாக்கியத்தை முடிப்பான். இணைய அரங்கிலோ மற்ற எல்லோருடைய மைக்கும் அடைக்கப்பட்டிருக்கிறது. சிரித்தாலும் கேட்காது, தலையசைத்தாலும் சிறு சதுரத்துக்குள் சரியாகத் தெரியாது. அந்த நிசப்தத்தில் தொடக்கத்தில் பலர் தடுமாறுவார்கள். அதன்பின், கேட்போரை மகிழ்விக்க முடியாத இடத்தில் அவர்களுக்கு விளங்க வைக்கவாவது வேண்டும் என்று உணர்ந்து, வாக்கியங்களைச் சுருக்கி, முதலாவது, இரண்டாவது என்று நிரல்படுத்தி, எதிரணி சொன்ன வார்த்தையைக் குறிப்பிட்டு அதற்கு நேர் விடை சொல்லப் பழகுகிறார்கள். மேடைக்கு அஞ்சிப் பின்வரிசையில் ஒதுங்கியிருந்த பிள்ளைகள் இவ்வரங்கில் துணிந்து வாய் திறப்பதும் உண்டு.

ஆனால் இதன் பிரதிகூலங்களையும் மறைப்பதற்கில்லை. முதலாவது, திரையில் எழுதி வைத்ததை வாசிக்கும் சபலம். கண்கள் இடமிருந்து வலமாக ஓடுவது நடுவருக்குத் தெரிந்துவிடும். குரலும் உயிரற்றுப் போகும். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கிய உரையையும் ஒருவர் வாசிக்கக் கூடும்; ஒரு மணி நேர ஆயத்தத்தின்போது மூடிய அறைக்குள் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று முற்றிலும் கண்காணிக்க இயலாது. ஆயினும் இரவல் வாதம் நெடுந்தூரம் செல்லாது. இடையீட்டு வினா ஒன்று வந்ததும் அது ஆட்டம் காணும். மூன்றாம் பேச்சாளரின் முறை வருவதற்குள் சரிந்துவிடும். இரண்டாவது, தொடர்பு அறுந்துபோவது. பேச்சின் நடுவே இணைப்பு விழுந்தால் எத்தனை நிமிஷம் காத்திருப்பது, திரும்ப இயலாவிட்டால் அதே அணியில் மற்றொருவர் தொடரலாமா என்பதற்கு ஒவ்வொரு லீக்கும் விதி வகுத்திருக்கும். அதை முன்கூட்டியே படித்து வைப்பது நலம். மூன்றாவது, சமத்துவம் பற்றியது. அமைதியான ஓர் அறையும், நம்பத்தக்க இணைப்பும், தனக்கென்று ஒரு கணினியும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்த்துவிடவில்லை. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 1985-ஆம் ஆண்டு எமரி பல்கலைக்கழகத்தின் துணையோடு தொடங்கிய நகர்ப்புற விவாத லீக், வசதி மிக்க பள்ளிகளின் சொத்தாக இருந்த விவாதத்தை நகரத்தின் அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்லவே தோன்றியது. இணையம் தூரத்தை அழித்ததே அல்லாமல் அந்தப் பழைய ஏற்றத்தாழ்வை அழித்துவிடவில்லை. ஒரு பள்ளி தன் கணினி அறையை வார இறுதியில் திறந்து வைத்து, ஆசிரியர் ஒருவரைத் துணைக்கு அமர்த்தினால், இந்தத் தடையில் பெரும்பகுதி விலகிவிடும்.

லீக்கில் சேர விரும்பும் மாணவர்கள் முதலில் மூவர் முதல் ஐவர் வரை கொண்ட அணி ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, பள்ளியின் ஒப்புதலோடு ஓர் ஆசிரியரைப் பொறுப்பாளராகப் பெற வேண்டும். வாக்குவன்மை மிக்க மூவரைத் தேடுவதைவிட, ஒருவர் நன்கு படிப்பவராகவும், ஒருவர் நன்கு கேட்பவராகவும், ஒருவர் பதறாதவராகவும் இருக்கத் தேடுவது புத்திசாலித்தனம். கட்டணம் உண்டா, சுற்றுகள் எந்த நேரத்தில் நடக்கின்றன, விவாத மொழி எது, புதியவர்களுக்குத் தனிப்பிரிவு உண்டா என்பவற்றை விசாரித்துக்கொள்ள வேண்டும். பன்னாட்டு லீக்குகளில் ஆங்கிலமே பெரும்பாலும் விவாத மொழி. ஆயினும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத அணிகளுக்கு உலகச் சாம்பியன்ஷிப்பே தனிப் பரிசு வழங்குவதால், பிழையற்ற ஆங்கிலம் கைவந்த பிறகு சேரலாம் என்று காத்திருக்கத் தேவையில்லை. பல லீக்குகள், அணியோடு ஒரு நடுவரையும் பள்ளியே அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை விதிக்கும். விவாதம் பழகிய பழைய மாணவர் ஒருவர் இதற்கு ஏற்றவர்.

பெற்றோரும் ஆசிரியரும் கேட்டறிய வேண்டிய மற்றொன்று பாதுகாப்பு. வயதில் மூத்த நடுவர்களும் சிறுவர்களும் ஒரே இணைய அறையில் பழகுவதால், தனிப்பட்ட செய்திகள் அனுப்பத் தடை இருக்கிறதா, ஒளிப்பதிவுக்கு முன் அனுமதி பெறுகிறார்களா, மனம் புண்படும்படி ஏதேனும் நிகழ்ந்தால் முறையிடப் பொறுப்பான அதிகாரி ஒருவர் இருக்கிறாரா என்பவற்றுக்குத் தெளிவான விடை தராத லீக்கை ஒதுக்கிவிடுவதே உத்தமம். கருவிகளைப் பொறுத்தவரை, நல்ல மைக்குள்ள ஹெட்செட் ஒன்றும், நேரம் பார்க்க ஒரு கைக்கடிகாரமும், குறிப்பெழுதத் தாளும் பேனாவும் போதும். எதிரணியின் ஒவ்வொரு வாதத்தையும் ஒரு பத்தியிலும் அதற்கான விடையை அதற்கு நேராக அடுத்த பத்தியிலும் எழுதிக்கொண்டே போகும் பழக்கம் எந்தக் கருவியைக் காட்டிலும் உதவும்.

முதல் பருவத்தில் தோல்விகளே மிகுதியாக இருக்கும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டு தொடங்குவது நன்று. அக்காலத்தில் பிள்ளை முன்னேறுகிறதா என்று அறிய மதிப்பெண் பட்டியலைவிடச் செவ்வையான அளவுகோல் ஒன்று பெற்றோர் கையிலேயே இருக்கிறது. விவாதம் முடிந்து வெளியே வரும் மகனையோ மகளையோ, எதிரணி சொன்னவற்றில் மிகவும் பலமான வாதம் எது என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொன்னதெல்லாம் அபத்தம் என்று விடை வந்தால், அன்று வெற்றியே கிடைத்திருந்தாலும் பயிற்சி இன்னும் கைவரவில்லை. எதிராளியே ஒப்புக்கொள்ளும்படி அவன் வாதத்தை நிதானமாகச் சொல்லிவிட்டு, அதற்குத் தன் விடை எங்கே குறைந்தது என்றும் சேர்த்துச் சொன்னால், தோற்றுவந்த அன்றைக்கே அந்தப் பிள்ளை லீக்கில் சேர்ந்ததன் பலனை அடைந்துவிட்டது என்று கொள்ளலாம்.